ஊட்டியில் பிள்ளைகளின் கைக்கு என்ன வேலை?

கேள்வி: கும்பகோணத்திலிருந்து அரையாண்டு விடுமுறையில் ஐந்து நாள் நீலகிரி போகிறோம். பையனுக்கு 9 வயது, பெண்ணுக்கு 5. முட்டிவலியோடு அம்மாவும் வருகிறார்கள். அப்பா வீட்டில்தான் இருப்பார். படகு, பூங்கா, கடைவீதி என்று சுற்றிவிட்டுத் திரும்ப மனமில்லை. பிள்ளைகள் தொட்டும் செய்தும் பார்க்கிற மாதிரி இடங்கள் அங்கே உண்டா? எந்த வரிசையில் போவது?

பதில்:

ஊட்டியில் மெழுகுச் சிலைகள், நூல் பூக்கள், சாக்லேட் காட்சியகம் என்று பலகைகளுக்குக் குறைவில்லை. பெரும்பாலும் தள்ளி நின்று பார்த்துவிட்டு நகர வேண்டியதுதான். ஐந்து வயதுப் பெண் பத்து நிமிடத்தில் "போலாம்ப்பா" என்று கையைப் பிடித்து இழுப்பாள். பிள்ளைகளின் கைக்கு வேலை தருவது அந்த மலையேதான். பல்சக்கரத்தில் ஏறும் ரயில், நசுக்கினால் நிறம் மாறும் கொழுந்து, புல்லில் உறையும் பனி, சரிவில் கிடக்கும் தொலைநோக்கி, இந்த நான்கும் போதும். நாளுக்கு இரண்டுக்கு மேல் வைக்காதீர்கள். ஒரே நாளில் ஆறு இடம் என்று வாடகை வண்டிக்காரர் தரும் பட்டியலை ஏற்றுக்கொண்டால், பிள்ளைகள் மலையை வண்டிக் கண்ணாடி வழியாக மட்டும்தான் பார்ப்பார்கள்.

கிளம்பும் முன் சில பொருட்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சுவரில் மாட்டும் அறை வெப்பமானி இரண்டு (காய்ச்சல் பார்ப்பது இதற்கு உதவாது), ஒரு பாகைமானி, நூல், நூல் முனையில் கட்ட ஒரு நட்டு, நோட்டு, பென்சில், காற்றடைத்து ஒட்டிய சிப்ஸ் பொட்டலம் ஒன்று. குடிநீருக்கு எவர்சில்வர் பாட்டில். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது, சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

வெப்பமானி ஏன் இரண்டு என்றால், ஒன்று உங்களோடு மலையேறும், மற்றது கும்பகோணத்தில் தாத்தாவிடம் இருக்கும். மலிவான வெப்பமானிகள் ஒன்றுக்கொன்று ஓரிரு டிகிரி வித்தியாசம் காட்டும். அதனால் கிளம்புவதற்கு முந்தின இரவு இரண்டையும் ஒரே ஆணியில் மாட்டி, காலையில் பையனை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஒன்று 24, இன்னொன்று 25 காட்டினால் அந்த ஒரு டிகிரியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கட்டும். கடைசிக் கணக்கில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

வீட்டிலேயே இன்னொரு வேலையும் இருக்கிறது. தெளிவான இரவில் ஊர் வெளிச்சம் எட்டாத வயல் வரப்புக்குப் போய் வடக்கே பார்த்து நில்லுங்கள். கையை முழுக்க நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறத்தாழ 10 டிகிரி. அடிவானத்தின் மேல் ஒரு முஷ்டியை வைத்தால், அதற்குக் கொஞ்சம் மேலே துருவ நட்சத்திரம் இருக்கும். அடிவானம் வரை மறைப்பில்லாமல் தெரிவது நம் டெல்டாவுக்கு வாய்த்த வசதி. ஆனால் மார்கழியில் கீழ்வானம் பனிமூட்டமாக இருக்கும் என்பதால் ஓரிரு இரவு முயல வேண்டிவரும். இதை ஏன் இங்கேயே செய்யச் சொல்கிறேன் என்பது ஊட்டிக்குப் பக்கத்தில், தொலைநோக்கி இருக்கும் முத்தோரைக்குப் போகும்போது புரியும்.

இனி பயணம். மயிலாடுதுறை – கோவை ஜன் சதாப்தி கும்பகோணம் வழியாகப் பிற்பகலில் போய் இரவு கோவை சேரும். தினமும் ஓடாது, நாளைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். தஞ்சாவூர் போய் ஏறுவதென்றால், மன்னார்குடியிலிருந்து வரும் செம்மொழி எக்ஸ்பிரஸ் இரவில் கிளம்பி அதிகாலையில் கோவையில் விடும். உறக்கம் கெட்ட பிள்ளைகளை அப்படியே மலை ரயிலில் ஏற்றுவது சரிவராது. முதல் நாளைக் கோவைக்கு விட்டுவிடுங்கள். அவினாசி சாலையில் ஜி.டி. நாயுடு பெயரிலான வளாகத்தில் பழைய கார்களின் காட்சியகமும், கையால் இயக்கிப் பார்க்கும் அறிவியல் மையமும் இருக்கின்றன. கொடிசியா அருகே மண்டல அறிவியல் மையம் இருக்கிறது. ஏதாவது ஒன்றுக்குப் போனால் போதும். வார விடுமுறை எந்த நாள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மாலையில் மேட்டுப்பாளையம் போய்த் தங்கிவிடுங்கள். மலை ரயில் காலை 7 மணிவாக்கில் கிளம்பிவிடும்.

ரயில் டிக்கெட்டைத்தான் முதலில் எடுக்க வேண்டும். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும், விடுமுறை நாட்களுக்கு உடனே தீர்ந்துவிடும். கிடைக்கவில்லையென்றால் குன்னூர் – ஊட்டி வண்டியில் ஏறிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். அதுவும் அழகான பயணம்தான், ஆனால் அந்தப் பகுதியில் பல்சக்கரம் கவ்வி ஏறும் பல்சட்டமும் இல்லை, இழுப்பதும் டீசல் எஞ்சின். பையன் பார்க்க வேண்டியது குன்னூருக்குக் கீழேதான் இருக்கிறது. ஏறும் வண்டியில் இடமில்லாவிட்டால், பிற்பகலில் ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் வண்டிக்கு முயலுங்கள். அதுவும் அதே பாதைதான்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 46 கிலோமீட்டர். 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். குன்னூர் வரை 1899-லும், ஊட்டி வரை 1908-லும் ரயில் வந்தது. 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. பையனுக்கு இந்த எண்களைவிடத் தண்டவாளத்தின் நடுவே கிடக்கும் பல்சட்டம் பிடிக்கும். கல்லாறு நிலையத்தைத் தாண்டியதும் ஏற்றம் கடுமையாகி, சில இடங்களில் 12 அடி ஓடினால் ஓர் அடி உயரும். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் அவ்வளவு சரிவைப் பிடித்து ஏறாது, வழுக்கிவிடும். அதனால் நடுவில் பல் வைத்த இரண்டு சட்டங்களைப் பக்கம் பக்கமாகப் பதித்திருக்கிறார்கள். ஒரு சட்டத்தில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் இருக்கும். எஞ்சினின் பல்சக்கரம் ஒன்றைவிட்டு விலகும்போது இன்னொன்றை முழுசாகக் கவ்வியிருக்கும். இடைவிடாத பிடி அதனால்தான். பல்லும் பல்லும் சேரும் இடத்தில் வண்டி மெதுவாகி ஒரு குலுக்கலும் சத்தமும் வரும். அந்த நேரத்தில் பிள்ளைகளைப் பேசாமல் காதைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

எஞ்சின் இந்த வண்டியில் பின்னால் இருந்து தள்ளுகிறது. ஏன் என்று முதலில் பையனையே யோசிக்க விடுங்கள். முன்னால் இருந்து இழுத்தால், இணைப்பு அறுந்த பெட்டி பின்னோக்கி உருண்டு ஓடிவிடும். கீழ்ப்பக்கம் எஞ்சின் நின்றால் அது தாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு பெட்டியின் முன் மேடையிலும் ஒரு பிரேக்காளர் கொடியோடு நிற்பார், அவரையும் காட்டுங்கள். வழியில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நிறுத்துவார்கள், அப்போது இறங்கிப் பார்க்கலாம். பெட்டியில் கழிப்பறை கிடையாது, நிலையம் வரும்போதெல்லாம் சின்னவளைக் கூட்டிப்போய் வந்துவிடுங்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல இன்னொன்றும் உண்டு. இந்தப் பாதையின் பழைய நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தில் செய்தவை. பிறகு வந்த புதிய எஞ்சின்கள் சிலவற்றைச் செய்தது திருச்சி பொன்மலைப் பணிமனை.

அம்மாவுக்கு இது கொஞ்சம் சிரமம். படி உயரம், இருக்கை நெருக்கம், ஐந்து மணி நேரம் காலை நீட்ட வழியில்லை. அவர்களைப் பெரியவர் ஒருவரோடு பேருந்திலோ காரிலோ அனுப்பிவிட்டு ஊட்டியில் சேர்ந்துகொள்ளலாம். சொந்த வண்டியோ வாடகை வண்டியோ என்றால் இ-பாஸ் கட்டாயம். 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி நடைமுறையில் இருக்கிறது. அரசுப் பேருந்துக்கும் ரயிலுக்கும் அது தேவையில்லை. மேட்டுப்பாளையம் – குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். வெறும் வயிற்றோடு ஏறினாலும் வாந்தி வரும், பூரி சாப்பிட்டு ஏறினாலும் வரும். இரண்டு இட்லி சாப்பிட்டு, கைபேசியைப் பார்க்காமல், முன்னால் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். காது அடைத்தால் ஒரு மிட்டாயைச் சப்பி எச்சில் விழுங்கச் சொல்லுங்கள், திறந்துகொள்ளும்.

வெப்பமானி வேலை ரயிலிலேயே தொடங்கும். நூறு மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 0.65 டிகிரி குறையும் என்பது பாடம். மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் உயர வித்தியாசம் 1,900 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஆகவே 12 டிகிரி குறைய வேண்டும். ஆனால் பையன் எழுதும் கணக்கில் நாலோ ஐந்தோதான் குறைந்திருக்கும், அவனும் பாடம் தப்பு என்பான். மேட்டுப்பாளையத்தில் பார்த்தது காலை 7 மணிக் குளிர், ஊட்டியில் பார்ப்பது உச்சிவெயில் நேரம். மலை ஏற ஏறப் பொழுதும் ஏறுகிறது. இதைத் தீர்க்கத்தான் தாத்தா. ஊட்டியில் பகல் 12 மணிக்கு நிழலில் ஐந்து நிமிடம் வைத்துப் படித்துவிட்டு, அதே நேரத்தில் வீட்டில் என்ன காட்டுகிறது என்று போனில் கேளுங்கள். கும்பகோணம் கிட்டத்தட்டக் கடல்மட்டம், ஊட்டி 2,200 மீட்டர். வித்தியாசம் 14 டிகிரிக்குப் பக்கத்தில் வரும். மேகம், மழை இருந்தால் ஓரிரு டிகிரி தள்ளும். பெட்டிக்குள் வைத்துப் படித்தால் கணக்கு கெட்டுவிடும், அங்கே காட்டுவது உட்கார்ந்திருப்பவர்களின் உடல் சூட்டைத்தான்.

சின்னவளுக்குச் சிப்ஸ் பொட்டலம். கும்பகோணத்தில் தொளதொளவென்று இருந்தது குன்னூரில் விறைக்கும், ஊட்டியில் பந்து மாதிரி உப்பிவிடும். வெளிக்காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு சொச்சமாகக் குறைந்திருக்கும், உள்ளே அடைத்த காற்று அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவளே அமுக்கிப் பார்க்கட்டும். பிரித்துத் தின்ற பின் வெற்று உறையை ஊருக்கே எடுத்துவந்துவிடுங்கள். இதே காரணத்தால் ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும், பருப்பு வேக நேரமாகும். அதைச் சோதிக்கிறேன் என்று அறை வெப்பமானியை வெந்நீரில் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது 50 டிகிரி வரைதான், வெடித்துவிடும்.

மூன்றாம் நாள் அதிகாலையை உறைபனிக்குக் கொடுங்கள். நம் ஊரில் மார்கழிப் பனி என்பது வைக்கோல்போரை நனைக்கும் ஈரம். ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவுக்கு மறுநாள், காந்தல், தலைக்குந்தா மாதிரியான தாழ்வான புல்வெளிகள் வெளுத்துக் கிடக்கும். குளிர்ந்த காற்று கனமானது, நம் வாய்க்கால் தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுவது போலவே அதுவும் பள்ளம் பார்த்து இறங்கும். அதனால் மேட்டில் இருக்கும் விடுதி வாசலில் ஒன்றும் தெரியாது. 6.30 மணிக்கு அங்கே நிற்க வேண்டும், வெயில் பட்ட கொஞ்ச நேரத்தில் கரைந்துவிடும். ஒரு புல்லைப் பிடித்துக் கண்ணருகே வைத்தால் ஓரமெல்லாம் உப்புத் தூள் ஒட்டினதுபோல ஊசி ஊசியாக நிற்கும். விரல் வைத்த இடத்தில் பொட்டுத் தண்ணீராகும். இரவு மேகம் மூடியிருந்தால் உறைபனி விழாது. அன்று பிள்ளைகளை எழுப்பாதீர்கள், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். காலுறை இரண்டு ஜோடி கொண்டுபோங்கள், புல்வெளியில் ஒன்று நனைந்துவிடும்.

அதே நாள் பகலில் தேயிலை. தொட்டபெட்டா சாலையில் பார்வையாளர்களுக்கென்றே திறந்திருக்கும் தொழிற்சாலையும் காட்சியகமும் உண்டு. குன்னூர்ப் பக்கம் சின்ன ஆலைகள் சிலவும் உள்ளே விடுகின்றன. டிசம்பரில் கொழுந்து வரத்து குறைவு, எந்திரம் எல்லா நேரமும் ஓடாது. "இப்போ இலை ஓடுதா?" என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், நின்ற எந்திரத்தைப் பார்ப்பதால் பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்காது.

இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறித்த கொழுந்தை முதலில் நீளத் தொட்டிகளில் பரப்பி, கீழிருந்து காற்று விட்டு 12 மணி நேரத்துக்கு மேல் வாட்டுவார்கள். மடக்கினால் உடையாமல் துணிபோல வளைய வேண்டும். பிறகு எதிரெதிராகச் சுழலும் பல் உருளைகள் நசுக்கி, கிழித்து, சுருட்டும். அடுத்தடுத்த ஜோடிகளைத் தாண்டி வரும்போது பச்சைத் துகளாக உதிரும். அந்தத் துகள் காற்றுப் பட்டு ஒரு மணி நேரத்துக்குக் கூடுதலாகக் கிடக்கும்போது பச்சை மறைந்து செம்பு நிறம் ஏறும். பிறகு சூட்டு எந்திரம், கடைசியாகச் சல்லடை. ஏறத்தாழ நாலரை கிலோ கொழுந்து ஒரு கிலோ தூளாகும். அரிசி ஆலையில் நெல் ஊறி, வெந்து, காய்ந்து வருவதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இந்த வரிசை சட்டென்று பிடிபடும். மூக்கை வைத்தே பின்தொடரச் சொல்லுங்கள். வாட்டும் இடத்தில் அறுத்த புல் வாசம், உருளைக்கு அப்புறம் பழ வாசம், சூட்டு எந்திரத்துக்குப் பக்கத்தில்தான் வீட்டு டீ வாசம் வரும்.

அங்கேயே ஐந்தாறு பச்சை இலை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தோட்டத்தில் தானாகப் பறிக்க வேண்டாம், மருந்து அடித்திருக்கலாம். அறைக்கு வந்ததும் இரண்டு இலையை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துச் சாறு கசியும்வரை பையன் உருட்டட்டும். இன்னும் இரண்டை அப்படியே வைத்துவிடுங்கள். மீதி இரண்டை நீங்களே கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து, ஆறிய பின் அவன் கையில் கொடுத்து அதே மாதிரி உருட்டச் சொல்லுங்கள். மூன்றையும் காகிதத்தில் பக்கம் பக்கமாக வைத்தால் ஓரிரு மணி நேரத்தில் முதலாவது பழுப்பேறும், இரண்டாவது வெறுமனே வாடும், மூன்றாவது பச்சையாகவே இருக்கும். நசுங்கிய இலையில் சாறும் நொதியும் காற்றும் சேர்வதால் நிறம் மாறுகிறது, கொதிநீர் அந்த நொதியை அழித்துவிடுகிறது. பச்சைத் தேயிலை பச்சையாக இருப்பதன் காரணம் இதுதான். முதலாவதும் பழுக்கவில்லையென்றால் உருட்டியது போதவில்லை, இல்லாவிட்டால் அறை ரொம்பக் குளிர். ஒரு டம்ளர் வெந்நீருக்குப் பக்கத்தில் வையுங்கள்.

நான்காம் நாள் முத்தோரை பாலாடா, ஊட்டியிலிருந்து ஏறக்குறைய 10 கிலோமீட்டர். அங்கே தமிழக அரசின் பழங்குடியினர் ஆய்வு மையத்தில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் வாழ்வைக் காட்டும் அருங்காட்சியகம் உண்டு. அரசு விடுமுறை நாளிலும் வார இறுதியிலும் நம்பிப் போகாதீர்கள், கிறிஸ்துமஸையும் புத்தாண்டையும் தவிர்த்து நாள் குறியுங்கள். கவிழ்த்த பீப்பாய் போன்ற தோடர் வீட்டின் வாசல் உயரத்தைச் சின்னவளின் உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். குனிந்து தவழ்ந்துதான் உள்ளே போக முடியும். குளிரும் காட்டு விலங்கும் நுழையாமல் இருக்க அந்த அளவு. தோடர் பூத்தையல் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக, கோடு எதுவும் வரையாமல் இழையை எண்ணியே போடுவது. 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது. பள்ளியில் பயன்படுத்தும் மேட்டி துணியும் மழுங்கிய ஊசியும் கொண்டுபோனால், பார்த்த கோலத்தில் ஒன்றை அன்று இரவே பையன் எண்ணி எண்ணிப் போட்டுப் பார்க்கலாம். ஓர் இழை தப்பினால் நாலு வரிசைக்கு அப்புறம்தான் கோணல் தெரியும், பிரிக்க வேண்டிவரும். அந்தத் தையல் ஏன் அந்த விலை விற்கிறது என்று அப்போது பிள்ளைக்கே தெரியும். தோடர் குடியிருப்புக்குள் அழைப்பில்லாமல் போய் எட்டிப் பார்க்காதீர்கள், அது அவர்கள் வீடு.

அதே முத்தோரையில்தான் வானொலித் தொலைநோக்கி, விண்ணிலிருந்து வரும் வானொலி அலைகளைப் பிடிப்பது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் வடிவமைத்து 1970-ல் செயல்பாட்டுக்கு வந்தது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், மலைச்சரிவில் தெற்கு வடக்காகக் கிடக்கிறது. வளாகத்துக்குள் போக முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால் வெளியே ரோட்டிலிருந்து தெரியும் அளவே போதும். தேர்ந்தெடுத்த சரிவு ஏறத்தாழ 11 டிகிரி, அந்த இடத்தின் அட்சரேகையும் அதே. ஆகவே தொலைநோக்கியின் நீளம் பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக, துருவ நட்சத்திரத்தை நோக்கிப் படுத்திருக்கிறது. பூமி சுழல்வதற்கு ஈடாக அந்த ஓர் அச்சில் மட்டும் திருப்பிக்கொண்டே வந்தால், ஒரே வான்பொருளை ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். பாகைமானியில் நூலையும் நட்டையும் கட்டித் தூக்குக் குண்டு செய்து, அந்தச் சரிவின் ஓரமாகப் பிடித்துப் பையன் அளக்கட்டும். ஓரிரு டிகிரி முன்பின்னாக வரும். வயல் வரப்பில் அவன் முஷ்டியால் அளந்த உயரமும் இதுவும் ஒன்றுதான் என்பதை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள்.

தெப்பக்காடு யானை முகாமை எல்லாரும் சொல்வார்கள். காலையும் மாலையும் கேழ்வரகு, கொள்ளு, வெல்லம் என்று அளந்து உருண்டை பிடித்துக் கொடுப்பதைப் பார்க்கலாம், நல்ல காட்சிதான். ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டிச் சாலையில் வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. கூடலூர் சுற்றிப் போக வேண்டும், ஒரு நாள் முழுக்கப் போய்விடும். ஐந்து வயதுப் பிள்ளையும் முட்டிவலியும் இருக்கையில் இந்தத் தடவை விட்டுவிடுங்கள்.

டிசம்பர் மழையில் மண் சரிந்து மலை ரயில் ரத்தாவது உண்டு. அப்படியானால் பயணத்தையே கைவிட வேண்டாம், பேருந்தில் ஏறிப்போய்க் குன்னூர் நிலையத்தில் நில்லுங்கள். நிற்கும் எஞ்சினையும், நடைமேடை ஓரத்திலிருந்து தெரியும் பல்சட்டத்தையும் பொறுமையாகக் காட்டலாம். வெப்பமானி, பொட்டலம் இரண்டுக்கும் பேருந்தே போதும்.

திரும்பும்போது கார் என்றால் பவானி வழியாக வாருங்கள். ஊட்டிக்கு மேற்கே பெய்யும் மழை பைக்காராவாகி, மோயாறாகி, பவானிசாகர் அணையில் பவானியோடு சேர்கிறது. அங்கே பாசனத்துக்குப் போனது போக மிச்சம் பவானி கூடுதுறையில் காவிரியில் விழுகிறது. கூடுதுறைப் படித்துறையில் நின்று எது பவானி, எது காவிரி என்று தண்ணீரின் நிறத்தை வைத்துப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். புதுவெள்ளக் காலத்தில் நன்றாகத் தெரியும், டிசம்பரில் சில நாள் தெரியாமலும் போகலாம். படி வழுக்கும், ஆழமும் அதிகம், சின்னவளின் கையை விடாதீர்கள். அங்கிருந்து முக்கொம்பு, கல்லணை தாண்டி அந்தத் தண்ணீர் உங்கள் ஊர் மகாமகக் குளத்துக்கு வடக்கே காவிரியாக ஓடுகிறது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் இந்த வழியைப் பையன் வரைந்து, இரண்டு வெப்பமானியின் எண்களையும் தொடக்கத்திலும் முடிவிலும் எழுதிக்கொள்ளட்டும்.